செண்பகவல்லி ஜில்லா

சொக்கட்டான்குளத்துக்காரர்களுக்கு யோசிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். யோசிக்காமல் அவர்கள் ஒரு காரியமும் செய்ததில்லை. வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, நன்றாக யோசித்து, அதற்குப் பிறகுதான் கெடுப்பார்கள்.

அந்த ஊரில் பூவலிங்கம் என்று ஒரு பையன். மோட்டார் பம்பு ரிப்பேர் செய்கிறவன். அவன் அப்பா குத்தாலத்துக்குக் கண் மங்குகிறது என்று திருநெல்வேலியில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே கண் பரிசோதிக்கிற வேலையில் செண்பகவல்லி என்று ஒரு பெண் இருந்தாள்.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் படிங்கய்யா" என்றாள். குத்தாலம் மூடிக்கொண்டு படித்தார்.

"இப்ப அடுத்த கண்ணை மூடுங்க."

குத்தாலம் அடுத்த கண்ணையும் மூடினார். "ஒண்ணுமே தெரியலியே தாயி. கண்ணு சுத்தமா போயிட்டு போலுக்கே" என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

வேறு பெண்ணாக இருந்தால் சிரித்திருப்பாள். செண்பகவல்லி எழுந்து வந்து, முதலில் மூடிய கண்ணைத் தன் விரலால் மெதுவாகத் திறந்துவிட்டாள். "இப்பத் தெரியுதா?" என்றாள். "தெரியுது தாயி" என்று குத்தாலம் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த நிமிஷத்திலேயே பூவலிங்கம் முடிவு செய்துவிட்டான். அவளும் அவனை இரண்டொரு முறை பார்த்தாள். பிறகு பெரியவர்கள் பேசினார்கள். இதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

நிச்சயதார்த்தத்துக்குச் சொக்கட்டான்குளத்திலிருந்து முக்கியமாக மூன்று பேர் வந்தார்கள். முதலாவது குத்தாலம். இரண்டாவது, அவர் மனைவி பிரம்மசக்தியின் அண்ணன் ஆவுடையப்பன். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். ஒரு காலத்தில் பம்பாயில் ஜூஸ் கடையில் வேலை பார்த்தவர் என்பதால், ஊரில் இங்கிலீஷ் சம்பந்தமான சந்தேகம் எதுவானாலும் அவரிடம்தான் வரும். மூன்றாவது சங்கிலிபூதம். சொந்தமாக மைக் செட் வைத்திருந்தான். எந்த வீட்டு விசேஷமானாலும் அழைக்காமலே முன்னால் நிற்பான்.

"ரெண்டு வீட்டாரும் தட்டை மாத்திக்கிடுங்க" என்றார் அய்யர்.

மூவரும் கூடிப் பேசினார்கள். பிறகு தங்கள் தட்டில் இருந்த தேங்காய், பழம், பூ, சேலை எல்லாவற்றையும் ஒரு துண்டில் கொட்டிக் கட்டி வைத்துக்கொண்டு, வெறும் தட்டை மட்டும் நீட்டினார்கள். "உங்க தட்டையும் காலி பண்ணிக் குடுங்க சம்பந்தி" என்றார் ஆவுடையப்பன்.

பெண்ணின் அப்பா சிவனணைந்தபெருமாள், பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எதுவும் நேரத்துக்கு நடக்கவேண்டும் அவருக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். "சரி, கை நனைச்சிட்டுப் போங்க" என்றார் மரியாதைக்கு.

மூவரும் கொல்லைப்பக்கம் போய்க் குழாயில் கையை நனைத்துக்கொண்டு, நேராகப் பஸ் ஏறிவிட்டார்கள். அங்கே இலை போட்டுப் பரிமாறிய சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. "பெரிய இடம். தண்ணி குடுத்தாவளே தவிர ஒரு வாய் சோறு போடல" என்று ஊரில் வந்து சொன்னார்கள்.

இதெல்லாம் கல்யாணத்துக்கு முந்தி. இனிமேல்தான் விஷயம்.

கல்யாண ஏற்பாடு பேசுவதற்காக மூவரும் மறுபடி பெண் வீட்டுக்குப் போனார்கள். செண்பகவல்லிக்குச் சில ஆசைகள் இருந்தன. மணவறைக்கு வெள்ளைப் பூ மட்டும் போதும், பிளாஸ்டிக் பூ கூடாது. விடியற்காலையில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக் காதைக் கிழிக்கக் கூடாது. சாம்பாரில் பூசணிக்காய் போடக்கூடாது. தாலி கட்டுகிற நேரத்தில் போட்டோக்காரர் குறுக்கே நிற்கக்கூடாது. இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லி, "புரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

பக்கத்தில் அவளுடைய தோழி ரெபேக்கா இருந்தாள். சிரித்துக்கொண்டே செண்பகவல்லியின் தோளில் ஒரு அடி போட்டாள். "ஏட்டி செண்பா, நீ சரியான பிரைட்ஜில்லாட்டி!"

செண்பகவல்லியும் சிரித்தாள். இங்கே மூன்று பேரும் சிரிக்கவில்லை. பொண்ணைப் பற்றி ஏதோ முக்கியமான தகவல் வெளியே வந்துவிட்டது என்று அவர்களுக்குப் பட்டது.

பஸ் ஏறியதும் குத்தாலம் கேட்டார். "மச்சான், அந்தப் பிள்ளை என்னமோ ஒரு வார்த்தை சொல்லிச்சே?"

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். இங்கிலீஷை யோசிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். "பிரைட்ஜில்லா. அது ரெண்டு வார்த்தை மாப்ளே. சேத்து ஒட்டியிருக்கு. பிரைடு, ஜில்லா. ஜில்லா உமக்கே தெரியும்."

"திருநெல்வேலி ஜில்லா, ராமநாதபுரம் ஜில்லா."

"அதேதான். பிரைடுன்னா கல்யாணப் பொண்ணு."

சங்கிலிபூதம் முன் சீட்டிலிருந்து திரும்பினான். "அண்ணாச்சி, எனக்கு ஒரு சந்தேகம். நான் டவுன்ல பிரைடு ரைஸ் சாப்பிட்டிருக்கேன். அப்ப அது கல்யாணப் பொண்ணு சோறா?"

கண்டக்டர்கூட டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு ஆவுடையப்பனைப் பார்த்தார்.

"அது எப்படி இருந்துச்சுலே?"

"சோத்தை எண்ணெய்ல போட்டு வறுத்திருந்தான் அண்ணாச்சி."

"அப்ப பிரைடுன்னா வறுத்ததுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு" என்றார் ஆவுடையப்பன். "இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் வச்சிருப்பான். சிக்கனமான ஆளு."

குத்தாலம் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். "அப்ப, ஒண்ணு, பொண்ணு ஒரு ஜில்லா. இல்லேன்னா, வறுத்த ஜில்லா."

"ரெண்டும் ஒண்ணுதான். பொண்ணு ஒரு ஜில்லா. வறுபட்ட ஜில்லா. அதாவது வறட்சி பாதிச்ச மாவட்டம்."

"அய்யோ பாவம்" என்றார் குத்தாலம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கண்ணைத் திறந்துவிட்ட பெண்ணாயிற்றே. "பாத்தா அப்படித் தெரியலியே மச்சான். செழிப்பாத்தானே இருந்தா?"

"வெளியே பாத்தா எந்த ஜில்லாவும் தெரியாது மாப்ளே. உள்ளே போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"ஒரு பொம்பளைப்பிள்ளை எப்படி அண்ணாச்சி ஜில்லாவாக முடியும்?" என்று சங்கிலிபூதம் கேட்டான்.

"கவர்மெண்ட்ல இப்பப் புதுசு புதுசா பிரிச்சுக்கிட்டே இருக்கான்லா. ஊரு தீந்துபோயிருக்கும். ஆளுக்கு வந்துட்டான்."

இதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. "ஜில்லான்னா ஒரு தலைநகர் வேணுமே, அது எது?" என்று குத்தாலம் கேட்டார். "தலை எங்கே இருக்கோ அதான்வே தலைநகர்" என்று ஆவுடையப்பன் சொன்னார். கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அவருக்கும் தலைநகர் எங்கே என்று புரிந்துவிட்டது என்று இவர்கள் நினைத்தார்கள்.

ஊருக்கு வந்து பிரம்மசக்தியிடம் சொன்னார்கள். அவள் உலையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள். "பொண்ணு ஜில்லான்னா, அவளைக் கட்டுற எம்மவன் யாரு?"

மூவரும் இதை யோசித்திருக்கவில்லை. ஆவுடையப்பன் தங்கச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டார். "பிரமு, உம்மவன் கலெக்டர்!"

பிரம்மசக்தி அங்கேயே அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். பத்தாவதில் கணக்கில் போன பையன். அவனைக் கலெக்டராக்க அவள் வேண்டாத சாமி இல்லை.

பூவலிங்கத்துக்கு இந்தக் கலெக்டர் விஷயத்தில் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. அவன் மனசில் தங்கியது வேறொன்று. "மாமா, அவளுக்கு வறட்சின்னு சொன்னீங்களே, அது ரொம்பவா?" என்று கேட்டான்.

"கவலைப்படாதேலே. நிவாரணத்துக்கு நான் ஏற்பாடு பண்ணுதேன்."

கல்யாணம் ஒரு திங்கட்கிழமை. பெண் வீட்டார் பிடித்திருந்த மண்டபத்துக்கு விடியும்போதே சொக்கட்டான்குளத்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது.

"எங்கே அண்ணாச்சி இறக்கணும்?" என்று டிரைவர் கேட்டார்.

"மணப்பொண்ணுக்கு" என்றார் ஆவுடையப்பன்.

டிரைவர் நல்ல மனிதர். பெண்கள் இருக்கிற அறைக்குள் ஹோஸ் பைப்பை விட முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அப்ப பொதுவா விடும். மண்ணு குடிச்சா ஜில்லா குடிச்ச மாதிரிதான்" என்று ஆவுடையப்பன் காட்டிய ஜன்னலில் பைப்பைச் செருகித் திறந்துவிட்டார். அந்த ஜன்னல் சாப்பாட்டு ஹாலின் ஜன்னல். அங்கே மண்ணே கிடையாது. நல்ல வழுவழுப்பான டைல்ஸ்.

முதல் பந்தியில் நானும் இருந்தேன். இட்லி வைத்தார்கள், சட்னி வைத்தார்கள், அடுத்து பார்த்தால் கால் நனைகிறது. எல்லாரும் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டோம். என் செருப்பு எனக்கு முன்னாலேயே வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

கதவுப் பக்கம் நின்று குத்தாலம் உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய் ஆவுடையப்பனிடம் சொன்னார். "மச்சான், இப்ப வெள்ளம் பாதிச்ச மாவட்டமாயிட்டு!"

ஆவுடையப்பன் பதறவில்லை. "வறட்சின்னா தண்ணி. வெள்ளம்னா சாப்பாட்டுப் பொட்டலம். மேலேயிருந்து போடணும்."

சமையல்காரரிடமிருந்து வெண்பொங்கலைப் பிடுங்கி, வாழை இலையில் பொட்டலம் கட்டி, மாடி வராண்டாவில் ஏறி நின்று மூவரும் போட ஆரம்பித்தார்கள். மைக்கில் சங்கிலிபூதம் ஹெலிகாப்டர் சத்தம் கொடுத்தான். மாப்பிள்ளை வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துப் பெண் வீட்டுப் பெரியவர்கள் சிலர் துண்டை விரித்துப் பிடித்தார்கள். ஒரு பொட்டலம் நாதஸ்வரத்தின் வாயில் சரியாகப் போய் அடைத்துக்கொண்டது. வித்வான் விடாமல் ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த தவில்காரர் முகமெல்லாம் மிளகும் முந்திரியும்.

செண்பகவல்லிக்கு இதெல்லாம் தெரியாது. அவளைக் கதவைச் சாத்தி உள்ளே வைத்து அலங்காரம் செய்துகொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு "என்னட்டி அது?" என்று கேட்டாள். எட்டிப் பார்த்துவிட்டு வந்த ரெபேக்கா, "உனக்குத் தெரியாம இருக்கிறதே நல்லது" என்று சொல்லிவிட்டாள்.

இதற்குள் மணவறையைச் சுற்றிக் கோலமாவால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அது மாவட்ட எல்லை. எல்லையில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டிச் செக்போஸ்ட். வளைவு மாதிரி ஒரு போர்டு. "செண்பகவல்லி மாவட்டம் உங்களை அன்புடன் வரவேற்கிறது." பின்பக்கம், அதாவது மணமக்களை வாழ்த்திவிட்டு இறங்குகிறவர்கள் பார்க்கிற பக்கம், "நன்றி, மீண்டும் வருக."

"ஒரே பொண்ணுக்குக் கல்யாணம், அதுக்கு மறுபடியும் வேற வரணுமா?" என்று பெண்ணின் சித்தி ஒருத்தி கண்ணைக் கசக்கினாள்.

செக்போஸ்ட்டில் குத்தாலம் நின்றார். வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை. கலெக்டருக்கு ஒரு டவாலி வேண்டும் என்று ஆவுடையப்பன் சொன்னதால், பெற்ற அப்பாவே அந்த வேலையை ஏற்றுக்கொண்டிருந்தார். சிவனணைந்தபெருமாள் வேகமாக வந்து உள்ளே நுழையப் பார்த்தார்.

"நில்லும். எந்த ஜில்லா?"

"சம்பந்தி, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, வழியை விடும்!"

"நேரமெல்லாம் சரிதான். உள்ளே என்ன வேலை?"

"எம்பொண்ணுக்குவே கல்யாணம்!"

குத்தாலம் யோசித்தார். "அப்ப ஜில்லாவே உம்ம பொண்ணுன்னா, நீரு ஜில்லா பொறக்கறதுக்கு முந்தின ஆளு. பழைய ஆளுக்கெல்லாம் புது அடையாள அட்டை வேணுமே?"

அய்யரையும் விடவில்லை. அக்கினி வளர்க்கிற சுள்ளியை வெளி மாவட்டத்திலிருந்து கொண்டுவரக் கூடாது என்று சங்கிலிபூதம் பறிமுதல் செய்து வைத்திருந்தான்.

உள்ளே மணவறையில் பூவலிங்கம் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் ஒரு பெரிய வரிசை. சொக்கட்டான்குளத்து ஜனம் முழுவதும் கையில் மனுவோடு நின்றது. திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுக்கிற நாள் அல்லவா, அதை அவர்கள் மறக்கவில்லை.

"அய்யா, கீழத்தெருவுக்கு லைட்டு இல்ல" என்று அவனுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்த பெரியத்தை சொன்னாள். அவன் கூடப் படித்த பையன் ஒருத்தன் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவேண்டும் என்று காலில் விழுந்தான். பூவலிங்கம் எல்லாவற்றையும் வாங்கி வாங்கி ஆரத்தித் தட்டில் வைத்தான். வேறு என்ன செய்ய? மாலை போட்டு உட்கார்ந்திருக்கிறவன் எழுந்து ஓடவா முடியும்? பக்கத்தில் பிரம்மசக்தி நின்று, ஒவ்வொரு மனுவுக்கும் ஆனந்தக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் செண்பகவல்லியை அழைத்து வந்தார்கள்.

அவள் போர்டைப் பார்த்தாள். இரண்டு தடவை படித்தாள். மூங்கிலைப் பார்த்தாள். வெளியே நிற்கிற அப்பாவைப் பார்த்தாள். மாமனார் போட்டிருந்த சிவப்புப் பட்டையைப் பார்த்தாள்.

"இது என்னன்னு யாராவது ஒருத்தர் எனக்குச் சொல்லணும்" என்றாள்.

ஆவுடையப்பன் முன்னால் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பணிவாகச் சொன்னார். "மாவட்டத்துக்கு வணக்கம். தாயி, நீ உன் வாயால சொல்லலேன்னாலும் எங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. நீ ஜில்லாங்கிறதை நாங்க குறையா நினைக்கல."

பெண் வீட்டுப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவியது. செண்பகவல்லியின் முகம் சிவந்தது. திரும்பி, வந்த வழியே வேகமாக நடந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"போதும்! இந்தச் சம்பந்தமே வேண்டாம்!" என்று சிவனணைந்தபெருமாள் மூங்கிலைப் பிடுங்கி எறிந்தார். "பொழுதெல்லாம் பைத்தியக்காரக் கூட்டத்துக்கு நடுவுல எம்பொண்ணு எப்படி இருப்பா?" ரெபேக்கா ஒரு மூலையில் நின்று, தான் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தைக்கா இவ்வளவும் என்று கையைப் பிசைந்தாள். குத்தாலம் டவாலிப் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, விழுந்த மூங்கில் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பூவலிங்கம் எழுந்தான். மனுக்களை அம்மாவிடம் கொடுத்தான். கும்பத்துக்குப் பக்கத்தில் இருந்த செம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டுகொண்டு, மாலையோடு போய் அந்தக் கதவைத் தட்டினான்.

"யாரு?"

"நான்தான். தண்ணி கொண்டாந்திருக்கேன்."

கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. "எதுக்குத் தண்ணி?"

"நீ உள்ளுக்குள்ள ரொம்ப வறட்சியா இருக்கேன்னு மாமா சொன்னாவ. அதிலேருந்து எனக்குத் தூக்கமில்ல. லாரித் தண்ணியெல்லாம் வாசலோட போயிட்டு. இது உனக்கு." அவன் செம்பை நீட்டினான். "ஜில்லாவோ என்னமோ எனக்குத் தெரியாது செண்பகம். குடி."

உதட்டுச் சாயம் கலைந்துவிடும் என்று விடிந்ததிலிருந்து அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அந்தக் கூட்டத்தில் யாருமே கேட்கவில்லை. அவள் செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். சேலையெல்லாம் நனைந்தது. குடித்து முடித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். பூவலிங்கமும் காரணம் தெரியாமல் கூடச் சிரித்தான்.

"வாங்க, போவோம். தாலியைக் கட்டுங்க" என்று அவளே முன்னால் நடந்தாள்.

மணவறைக்கு வந்து மூவரையும் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள். கண் பரிசோதிக்க வருகிறவர்களிடம் பேசுகிற அதே பொறுமையோடு சொன்னாள்.

"பெரியப்பா, நல்லாக் கேளுங்க. மாமா, நீங்களும்தான். அது ஜில்லா இல்ல. ஜப்பான்காரங்க சினிமாவுல ஒரு ராட்சசப் பல்லி வரும். கடல்ல இருந்து எந்திரிச்சு வந்து ஊரையே மிதிச்சு நாசம் பண்ணும். அந்தப் பல்லி பேரோட வாலை அறுத்து, கல்யாணப் பொண்ணுங்கிற வார்த்தையோட ஒட்டிட்டாங்க. கல்யாண சமயத்துல அது வேணும் இது வேண்டாம்னு ஆட்டம் காட்டுற பொண்ணைக் கேலியா அப்படிச் சொல்லுவாங்க. அவ்வளவுதான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது தாயி" என்றார் ஆவுடையப்பன்.

"உண்மையாவே புரிஞ்சுதா?"

"சுத்தமாப் புரிஞ்சுது."

அவர்கள் போர்டைக் கழற்றினார்கள். கோட்டை அழித்தார்கள். சுள்ளியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு தூணுக்குப் பின்னால் கூடினார்கள்.

"மச்சான், நாம பெரிய தப்புப் பண்ணிட்டோம்" என்றார் குத்தாலம். "மருமவ ஜில்லா இல்ல. பல்லி."

"அதுவும் வாலை அறுத்துட்டானுவளாம். பாவி மனுசங்க" என்றான் சங்கிலிபூதம்.

"அறுத்தா முளைச்சிரும்லே, அதைப்பத்தி ஒண்ணுமில்ல" என்றார் ஆவுடையப்பன். "பொண்ணு பல்லின்னா அது நல்லதுக்குத்தான். ஆனா எங்கே விழறான்னு பாக்கணும். பஞ்சாங்கத்துல போட்டிருக்கும். தோள்ல விழுந்தா ஒரு பலன், தலையில விழுந்தா ஒரு பலன்."

ஆவுடையப்பன் மணவறைக்கு வந்து அய்யரின் பஞ்சாங்கத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். பிறகு செண்பகவல்லியிடம் குனிந்து, "தாயி, நீ மாப்பிள்ளை மேல எங்கே விழுந்தாலும் சரி, தலையில மட்டும் விழுந்துராதே" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு பூவலிங்கத்தைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான்.

"பெரியப்பா, நேரம் தாண்டப் போகுது. முதல்ல தாலியைக் கட்டச் சொல்லுங்க" என்றாள்.

சொக்கட்டான்குளத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. பல்லி ஏதாவது சொன்னால் அது சத்தியம். கேட்டவர்கள் விரல் முட்டியால் தரையைத் தட்டி அதை ஏற்றுக்கொள்ளவேண்டும். அவள் சொல்லி முடித்ததும் ஊர் ஜனம் முழுவதும் குனிந்து தரையைத் தட்டியது. டொக், டொக், டொக்.

"பல்லி சொல்லிட்டு! கட்டுலே!" என்று ஆவுடையப்பன் கத்தினார். பூவலிங்கம் கட்டினான். மேளம் முழங்கியது. நாதஸ்வரத்தில் இருந்த மீதிப் பொங்கலும் அப்போதுதான் வெளியே வந்தது.

இந்தத் தட்டலுக்கு அர்த்தம் என்ன என்று செண்பகவல்லிக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. "அந்த ஸ்பீக்கரை நிறுத்துங்க" என்று சும்மா சொல்லிப் பார்த்தாள். டொக், டொக். சங்கிலிபூதம் தன் மைக் செட்டைத் தானே கழற்றி வண்டியில் ஏற்றினான்.

சொக்கட்டான்குளத்துக்கு வந்த பிறகு இது தினப்படி ஆகிவிட்டது. அவள் வாயைத் திறந்தால் போதும், தெருவில் போகிறவன்கூடக் குனிந்து தட்டிவிட்டுப் போவான். கீழத்தெருவுக்கு லைட்டு வரணும் என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே ஆவுடையப்பன் தலைமையில் எல்லாரும் மின்சார ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். "பல்லி சொல்லிட்டு. நீங்க போடாம இருக்க முடியாது" என்பதைத் தவிர அவர்கள் வேறு எதுவும் பேசவில்லை. அதிகாரி எவ்வளவோ சொல்லிப் பார்த்து, கடைசியில் பயந்துபோய் லைட்டுப் போட்டுவிட்டார். பஸ் நிறுத்தத்துக்குக் கூரை வந்ததும் இப்படித்தான்.

ஆரம்பத்தில் செண்பகவல்லிக்கு இது சௌகரியமாகத்தான் இருந்தது. போகப்போகச் சங்கடமாகிவிட்டது. "இன்னிக்கு ரொம்பப் புழுக்கம்" என்றால் தட்டுகிறார்கள். "ரசத்துல உப்புக் கம்மி" என்றால் தட்டுகிறார்கள். விரல் முட்டியெல்லாம் காய்த்துப்போய், ஊரில் ஒருத்தருக்கும் மோதிரம் ஏறவில்லை. ராத்திரி தும்மினால்கூடப் பக்கத்து வீட்டில் டொக், டொக் என்று கேட்கிறது.

ஒரு நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. ஊர்க் கூட்டம் நடக்கிற இடத்துக்கே நேராகப் போனாள். பூவலிங்கம் பின்னால் ஓடி வந்தான். எல்லாரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். ஆவுடையப்பன், குத்தாலம், சங்கிலிபூதம் மூவரும் முன் வரிசையில்.

செண்பகவல்லி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நான் பல்லி இல்ல!"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நன்றாக யோசித்தார்கள். பிறகு ஊரே ஒன்றாகக் குனிந்தது. டொக், டொக், டொக்.

"அப்ப உண்மையாத்தான் இருக்கும்" என்றார் ஆவுடையப்பன் எழுந்து, முட்டியைத் தடவிக்கொண்டே. "பல்லியே சொல்லிட்டே!"